கோபுரம் உயரத்துக் கொரில்லா

இந்த நாட்டில் சினிமாவுக்கு இடைவேளை விடமாட்டார்கள். வந்த புதிதில் எனக்கு அது பெரிய அதிர்ச்சி. மூன்று மணி நேரப் படமாக இருந்தாலும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு, விளக்கைப் போட்டு, கதவைத் திறந்துவிடுவார்கள். கதை உச்சத்தில் நிற்கும்போது எழுந்து வெளியே போய், தெரிந்தவர்கள் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, சமோசா வாங்கி, வில்லன் இனி என்ன செய்வான் என்று பேர் தெரியாதவர்களோடு வாயடித்துவிட்டு, மணி அடித்ததும் உள்ளே ஓடிவருவதெல்லாம் இங்கே கிடையாது. மூத்திரம் முட்டினால் இருட்டில் அடுத்தவர் முட்டியில் இடித்துக்கொண்டு போக வேண்டும். ஆரணியில் படம் பார்த்து வளர்ந்தவளுக்கு இடைவேளை இல்லாத படம் பாதிப் படம். இத்தனை வருடத்தில் இதற்குப் பழகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். போன ஜூன் மாதம் என் அண்ணன் இங்கே வந்தபோது, பழகவில்லை என்று தெரிந்தது.

நாங்கள் இருப்பது கனடாவில், டொரொன்டோவை ஒட்டிய ஒரு ஊர். என் கணவர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் ஐந்து நாள் நெடுஞ்சாலையில்தான் தூங்குவார். நான் விமானங்களுக்குச் சாப்பாடு போகும் சமையற்கூடத்தில் வேலை செய்கிறேன். சமைப்பதில்லை. தட்டில் ரொட்டி, வெண்ணெய், கரண்டி என்று வைத்து மூடி ஒட்டுவது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அவிழ்த்துவிட்ட பொய்களுக்கெல்லாம் காரணம் அதுதான்.

அண்ணன் ஏழுமலை ஆரணியை ஒட்டிய சேவூரில் பட்டுப்புடவை வியாபாரம் செய்கிறான். வீட்டிலேயே நான்கு பவர்லூம் ஓடுகிறது. அவன் மகள் யாழினி வேலூரில் பொறியியல் கடைசி வருடம். அவளை மேல்படிப்புக்கு என்னிடம் அனுப்பச் சொல்லி ஆறேழு மாதமாக நான்தான் நச்சரித்தேன். அவள் படிப்புக்காக என்று சொன்னேன். உண்மை என்னவென்றால், வேலை முடிந்து வந்தால் இந்த வீட்டில் என்னோடு பேச ஒரு குரல் வேண்டும். அண்ணன் உடனே சரி என்று சொல்லவில்லை. புடவை எடுக்கிறவன் விரித்துப் பார்க்காமல் எடுப்பானா? தானே வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னான். வந்தான்.

அவனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. மிருகங்கள் வரும் டிவி சேனல். சாயங்காலம் தறியை நிறுத்தியதும் சாப்பாட்டுத் தட்டோடு அதன்முன் உட்கார்ந்துவிடுவான். புலி மானைக் கிழிக்கும்போது இவன் ரசம் பிசைந்துகொண்டிருப்பான். அண்ணி தலையில் அடித்துக்கொள்வார். அதனால் அவன் விமானம் ஏறுவதற்கு முன்பே நான் அளந்துவிட்டேன். இங்கே ஒரு அறிவியல் கூடம் இருக்கிறது, அதில் ராட்சதத் திரை, நம் ஊர்க் கோயில் கோபுரம் உயரம், காட்டுக் கொரில்லா படம் ஓடுகிறது, அதன் மூக்கு ஓட்டை நம் வீட்டு வாசற்படி அளவு இருக்கும் என்றேன். நானோ கணவரோ அந்தக் கூடத்துக்குள் கால் வைத்ததே இல்லை. வேலைக்குப் போகிற பஸ்ஸின் பக்கவாட்டில் அந்தப் படத்தின் விளம்பரம் ஒட்டியிருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அண்ணன் அதைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். தறிக்குப் பாவு போடுகிறவர் முதல் பால்காரர் வரை, கொரில்லாவைப் பார்த்துவிட்டு வந்து சொல்லு என்று சொல்லித்தான் வழியனுப்பினார்களாம்.

கணவர் லாரியோடு போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனும் நானும் போனோம். திரை பெரிதுதான். அதில் பொய் இல்லை. கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. இருட்டானதும் பனிமூட்டம் வந்தது. மலை வந்தது. மேலே இருந்து இன்னொரு மலை வந்தது. பாட்டு எழும்பியது. பிறகு தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அவர் பையில் துணி அடுக்கினார். ஜீப்பில் ஏறினார். ஜீப் சேற்றில் மாட்டியது. கூடாரம் அடித்தார். மழையில் நனைந்தார். தன் சின்ன வயதுக் கனவைப் பற்றிப் பேசினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவருக்கு ஆடிப் பாடிக் காட்டினார்கள். மறுபடியும் மேலே இருந்து மலை. அண்ணன் என் பக்கம் சாய்ந்து, தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய குரலில் கேட்டான்.

"இன்னா செல்வி, இவந்தான் கொரில்லாவா?"

முன் வரிசையில் ஒருத்தர் திரும்பி 'ஷ்' என்றார். நான் அண்ணன் கையை அழுத்தினேன். தொப்பிக்காரர் இப்போது காட்டுக்குள் நடந்தார். அவருக்கு முன்னால் அந்த ஊர் ஆட்கள் இரண்டு பேர் கத்தியால் கொடியை வெட்டி வழி செய்துகொண்டு போனார்கள். "வழி வெட்டிகினு போறானே, அவன் மூஞ்சிய மட்டும் காட்ட மாட்டேன்றான் பாரு," என்றான் அண்ணன். மறுபடியும் 'ஷ்'. எனக்குக் காது சுட்டது. அந்த ஆட்களின் முதுகு மட்டும்தான் கடைசிவரை வந்தது. அவர்கள் பேரை யாரும் சொல்லவில்லை.

பிறகு இலை ஆடியது. இலைக்குப் பின்னால் கறுப்பாக எதுவோ அசைந்தது. ஒரு முதுகு. ஒரு கை. தொப்பிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். திடீரென்று திரை முழுக்க ஒரு முகம். கோபுரம் உயரம்தான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தக் கண் எங்களைப் பார்த்தது, பிறகு அலுத்துப்போய் வேறு பக்கம் திரும்பியது. அதே திரும்பலை மெதுவாக்கி இன்னொரு முறை காட்டினார்கள். மீண்டும் ஒரு முறை. தொப்பிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மலை. சூரியன். பேர்கள் ஓட ஆரம்பித்தன. விளக்குப் போட்டார்கள்.

எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் அழுதிருந்தார். "வாஸ்ன்ட் தட் பியூட்டிஃபுல்?" என்று கேட்டார். "வெரி பியூட்டிஃபுல்," என்றேன். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. எல்லோரும் கிளம்பினார்கள். அண்ணன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "இன்டர்வெல்லா? நீ உக்காந்துகினு இரு, நான் டீ வாங்கியாறேன்," என்று போனான். இந்த நாட்டில் இடைவேளை கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அவனைத் தடுக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. இவ்வளவு பெரிய கூடத்தைக் கட்டி, இவ்வளவு பெரிய திரையை மாட்டி, முக்கால் மணி நேரம்கூட ஆகாமல் முடித்துவிடுவார்களா? இதற்கு மட்டும் இடைவேளை இருக்கும், இனிமேல்தான் கொரில்லா வரும் என்று காலியான கூடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

டீ கிடைக்கவில்லை என்று ஒரு பெரிய டப்பா பாப்கார்னோடு அண்ணன் திரும்பி வந்தான். வந்து சட்டமாக உட்கார்ந்தான். இருக்கைகளுக்கு நடுவே குப்பை பொறுக்கிக்கொண்டு வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து நின்றாள். அடுத்த காட்சிக்கு டிக்கெட் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். டிக்கெட் என்ற வார்த்தையைக் கேட்டதும் அண்ணன் சட்டைப் பையிலிருந்து இரண்டையும் எடுத்துப் பெருமையாக நீட்டினான். "எஸ், எஸ். செகண்ட் ஆஃப்," என்றான். அந்தப் பெண் டிக்கெட்டைப் பார்த்தாள், பாப்கார்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. இரக்கம் இருந்தது. சிரித்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

"முடிஞ்சிட்சிணா," என்றேன்.

"இன்னா முடிஞ்சிட்சி? கொரில்லாவே இன்னும் வர்லியே."

"வந்துச்சே. பெருசா ஒரு மூஞ்சி."

"அது டைட்டில் காட்றான்னு நெனச்சேன்," என்றான்.

வெளியே வரும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேன். கொரில்லா கூச்ச சுபாவம் உள்ள மிருகம், அதைப் படம் பிடிப்பது லேசில்லை, அதனால்தான் கொஞ்சமாகக் காட்டுகிறார்கள், இது விஞ்ஞானப் படம், மசாலாப் படம் இல்லை என்று பஸ் விளம்பரத்தில் இருந்ததோடு இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். அந்தப் படத்தை எடுத்தவன் எனக்கு மாமனா மச்சானா? அவனுக்கு நான் ஏன் வக்காலத்து வாங்குகிறேன்? படம் மட்டமான படம். ஊரில் இப்படி ஒரு படத்தைப் போட்டிருந்தால் ஸ்கிரீனைக் கிழித்திருப்பார்கள், நானும் சேர்ந்து கிழித்திருப்பேன். ஆரணியில் பஸ் வராவிட்டால் அரசாங்கத்தைத் திட்டுவேன். இங்கே அண்ணன் பக்கத்தில் நிற்கும்போது பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இந்த நாட்டின் குளிருக்கும், உப்பில்லாத சோற்றுக்கும், பல் வைத்தியர் மூன்று மாதம் கழித்து வரச் சொல்வதற்கும் நான் கூசுகிறேன். ஏதோ இந்த நாட்டை நான்தான் நெய்து விற்க உட்கார்ந்திருப்பது மாதிரி. வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்கும் இது இருக்கும். இல்லை என்று சொல்லாதீர்கள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஆரணிக் கோட்டை மைதானம் நினைவுக்கு வந்தது. நாங்கள் பள்ளிக்கூடம் போகிற வயதில் அங்கே பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ஒரு கூடாரத்தின் முகப்பில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு படம். சங்கிலியை அறுக்கும் ஆப்பிரிக்க மனிதக் குரங்கு. அண்ணனும் நானும் வரிசையில் நின்று உள்ளே போனோம். உள்ளே கூண்டில் கறுப்பு ரோமச் சட்டை போட்ட ஒரு ஆள் குதித்துக்கொண்டிருந்தான். காலில் ஹவாய் செருப்பு. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அண்ணன் என் வாயைப் பொத்தி வெளியே இழுத்து வந்தான். வரிசையில் நின்றவர்கள் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். "சூப்பரா கீது. ஜல்தி போங்க, தூங்கிடப் போவுது," என்றான். ஒருவர்கூட வரிசையிலிருந்து விலகவில்லை. உள்ளே போய் வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். தான் மட்டும் ஏமாந்தவனாக இருக்க யாருக்கும் மனசில்லை. நான் ஊருக்குச் செய்த போன் எல்லாம் இதுதான். எங்கள் ஊரிலிருந்து வந்த எத்தனையோ பேர் இந்தக் கூடாரத்து வாசலில் நின்றுகொண்டு, சூப்பரா கீது, ஜல்தி வாங்க என்று சொல்கிறோம். அதில் நான் யாழினியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். எங்கள் வீடு ஒரு பஞ்சாபிக் குடும்பத்தின் வீட்டுக்கு அடியில், பேஸ்மெண்ட். ஊரில் நெல் மூட்டை போடக்கூட யோசிக்கும் இடம். ஜன்னல் கூரையை ஒட்டி, கையகலம் இருக்கும். அதில் புல்லின் வேரும் நடப்பவர்களின் செருப்பும் தெரியும். இதை நான் ஊரில் யாருக்கும் காட்டியதில்லை. வந்த முதல் நாள் அண்ணன் படியிறங்கி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "குளிருக்கு நல்லாத்தான் இருக்கும், கதகதன்னு," என்றான். சமையற்கூடத்து வாசல்வரை ஒரு நாள் அழைத்துப் போனேன். "சுத்தமா வெச்சிருக்கான்," என்றான். எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்றான். சாம்பாரில் பெருங்காயம் ஒரு சிட்டிகை கூடினால் தட்டைத் தள்ளிவிடுகிற ஆள். வெளிநாடு அவனை மலைக்க வைத்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கோடைகாலத்தில் இங்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகும் வெளிச்சம் போகாது. ஊரில் அப்போது விடிகிற நேரம். அண்ணன் போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்து அண்ணிக்கு வீடியோவில் கூப்பிட்டான். கொரில்லா என்ன ஆயிற்று என்பதுதான் அண்ணியின் முதல் கேள்வி. நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றான் அண்ணன். "ஸ்கிரீன் இன்னா பெருசுன்ற. கலர் தூக்கலா, பளிச்சுனு. செல்வி நல்ல எடமாத்தான் கூட்டிகினு போச்சு."

கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டேன். அந்தக் குரலை எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பட்டு வியாபாரத்தில் ஒரு முறை உண்டு. புடவை எடுக்கும் முன்பு யார் வந்து கேட்டாலும் அண்ணன் அதை நார் நாராகப் பிரித்துக் குறை சொல்வான். ஆனால் எடுத்து முடித்துவிட்ட புடவையைக் கொண்டுவந்து எப்படி என்று கேட்டால் ஒரு குறையும் சொல்லமாட்டான். முகூர்த்தப் புடவையை எங்கோ வெளியூரில் எடுத்துக்கொண்டு ஆசையாகக் காட்ட வருவார்கள். அண்ணன் கட்டைவிரலால் ஜரிகையை ஒரு தடவு தடவுவான். போலி என்று அவனுக்குத் தெரிந்துவிடும், பக்கத்தில் நிற்கும் எனக்கும் தெரிந்துவிடும். தலையை மெதுவாக ஆட்டி, "நல்லாத்தான் எடுத்திருக்கீங்க, கலர் தூக்கலா கீது," என்பான். இதே குரல். கல்யாணத்தன்று அந்தப் பெண் அதைத்தானே கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

படம் நன்றாக இல்லை என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அதற்கு இந்தக் குரலில் பதில் சொல்கிறான் என்றால், வந்த முதல் நாள் வீட்டுக்குச் சொன்னதும் இதே குரல்தானே. என் வேலைக்குச் சொன்னதும் இதே குரல். அவன் மலைத்துப்போகவே இல்லை. என் வாழ்க்கையைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டான்.

லீவுக்கு வந்திருந்த யாழினியை எழுப்பிக் கூட்டிவருவதாகச் சொல்லி அண்ணி போனை எங்கோ கிடத்திவிட்டுப் போனார். திரையில் சேவூர் வீட்டுக் கூரையும் சுற்றுகிற மின்விசிறியும் தெரிந்தன. நான் ஈரக்கையோடு அண்ணன் எதிரில் உட்கார்ந்தேன்.

"எதுக்குணா பொய் சொல்ற?"

"இன்னா பொய்?"

"படம் தண்டம். அத சொல்லேன்."

மிச்சம் கொண்டுவந்து மேஜைமேல் கொட்டியிருந்த பாப்கார்னை அவன் ஒவ்வொன்றாகத் தள்ளினான். "எடுத்த பொடவையக் கொறை சொல்லி இன்னா ஆவப்போவுது, செல்வி," என்றான். "கட்டிகினுதான ஆவணும்."

"வீடும் அப்டித்தானா?"

அண்ணன் ஜன்னலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான்: "இன்னா இப்டி ஒரு எடத்துல இருக்கன்னு மொத நாளே கேக்கணும்னு இருந்துச்சு. கேட்டா நீ பேஜாராயிடுவ."

எனக்குக் கோபம்தான் வந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். எதைச் சொல்லிக் கத்துவது? யாழினியை அனுப்புவது இன்னும் எடுக்காத புடவை, அதற்காவது அவன் வாய் திறந்திருக்க வேண்டும். என் முகத்துக்காக அதையும் மூடிக்கொண்டிருந்தான். நான் வெட்கப்படக் கூடாது என்று தன் மகளையும் அனுப்பிவிடுவானோ என்று பயமாகிவிட்டது.

போனில் மின்விசிறி விலகி, தூக்கக் கலக்கத்தோடு யாழினி முகம் வந்தது. "அத்தை, கொரில்லா எப்டி இருந்துச்சு?" என்றாள்.

அண்ணன் வாயெடுக்கும் முன் நான் போனை எடுத்துக்கொண்டேன். "நல்லா இல்ல யாழினி," என்றேன். "கொரில்லா கொஞ்சூண்டு. மீதியெல்லாம் மலை. நான் அந்தத் தியேட்டருக்கு இன்னிக்கித்தான் மொதமொத போறேன். சும்மா அளந்துட்டேன்." அதோடு நிறுத்தினால் எனக்கு மறுபடி தைரியம் வராது என்று, எல்லாவற்றையும் சொன்னேன். நீ வீடியோவில் எங்கள் தோட்டம் என்று பார்த்தது மேல்வீட்டுக்காரர் தோட்டம், நாங்கள் இருப்பது அதற்குக் கீழே என்றேன். ஏர்போர்ட்டில் வேலை என்று சொன்னது ரொட்டித் தட்டுக்கு மூடி ஒட்டுகிற வேலை என்றேன். உன்னை வரச் சொல்வது உன் படிப்புக்காக மட்டும் இல்லை என்றும் சொன்னேன்.

அவள் கொட்டாவி விட்டாள். "தெரியும் அத்தை," என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நீ எப்ப பேசினாலும் தோட்டத்துலயே நின்னுகினு பேசுவ. ஜனவரி மாசத்துலகூட. தலையில பனி கொட்டிகினு இருக்கும், பல்லு அடிச்சிக்கும், பின்னாடி தெரியற வீட்டக் காட்டி நம்ம வீடு எப்டி கீதுன்னு கேப்ப. வீடு இருக்கறவங்க யார்னா உள்ள போவாம பேசுவாங்களா? தெருவுல எல்லாருக்குமே தெரியும், அம்மாதான் எதுவும் கேக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு."

அந்தத் தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது. பொய் பிடிபட்டதில் எனக்கு இவ்வளவு கூச்சம் இல்லை. இத்தனை வருடம் அத்தனை பேரும் சேர்ந்து எனக்காக நல்லாத்தான் கீது என்று தலையாட்டியிருக்கிறார்கள். நான் அவர்களை ஏமாற்றுகிறேன் என்று பனியில் நின்றிருக்கிறேன். கொட்டகையில் குப்பை பொறுக்கிய அந்தப் பெண் பார்த்த பார்வையை, என் சொந்த ஊரே எனக்குத் தெரியாமல் என்மேல் வைத்திருக்கிறது.

"வர்றதும் வராததும் அப்பறம்," என்றாள் யாழினி. "மொதல்ல வீட்டக் காட்டு. நான் வந்தா எங்க படுப்பேன்?"

அண்ணன் எழுந்து நாற்காலியை ஓரமாக நகர்த்தி எனக்கு வழி விட்டான். நான் கேமராவைத் திருப்பினேன். அடுப்பைக் காட்டினேன். கட்டிலைக் காட்டினேன். இந்த மூலையில் ஒரு பாய் போடலாம் என்றேன். "ஈரமா கீதே அத்தை, செவுரு," என்றாள். ஆமாம் என்றேன். கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினேன். வெளியே புல்லின்மேல் சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. அவள் போனோடு எழுந்து வாசலுக்கு வந்திருந்தாள் போல. யாரோ வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது, தறி ஓட ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது. போன் திரையின் பெரிய கட்டத்தில் அவள் முகத்துக்குப் பின்னால் சேவூர் விடிந்துகொண்டிருந்தது. மூலையில் சின்னக் கட்டத்தில் என் வீடு இருட்டிக்கொண்டிருந்தது. கேமராவைத் திருப்பியிருந்ததால் இரண்டு கட்டத்திலும் என் முகம் இல்லை.